பழைய காரின் பவர் ஸ்டீயரிங் ஆயிலை மாற்றுதல்: முழுமையான வழிகாட்டி

என்ஜின் ஆயிலைக் கிலோமீட்டர் கணக்குப் பார்த்துத் தவறாமல் மாற்றுகிறவர்கள்கூட, அதற்கு ஓர் அடி தள்ளி இருக்கும் ஸ்டீயரிங் ஆயில் டப்பாவின் மூடியைப் பல ஆண்டுகள் திறந்து பார்த்திருப்பதில்லை. அளவு குறைந்தால் ஊற்றுவது, குறையாவிட்டால் விட்டுவிடுவது என்பதே பொதுவான வழக்கம். அதனால் பதினைந்து, இருபது ஆண்டு ஓடிய கார் ஒன்றில், அது தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் ஊற்றிய ஆயிலே இன்னும் சுற்றிக்கொண்டிருப்பது அரிதல்ல. ஸ்டீயரிங் கனத்து, வண்டியைத் திருப்பும்போதெல்லாம் பம்ப் முனகத் தொடங்கிய பிறகே அந்த ஆயிலின் நினைவு வருகிறது. அதற்குள் தேய்மானத்தில் பெரும்பகுதி நடந்து முடிந்திருக்கும்.

இந்த ஆயிலை மாற்றுவது சாதாரணக் கருவிகளைக் கொண்டு ஒரு பிற்பகலில் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் கவனம் எங்கே வேண்டும் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். பழைய ஆயிலைக் கடைசிச் சொட்டுவரை வெளியேற்றுவதிலேயே அவர்களுடைய கவனம் முழுவதும் போய்விடுகிறது. உண்மையில் அது எளிய பகுதி. புதிய ஆயிலோடு காற்றும் உள்ளே புகுந்துவிடாமல் பார்த்துக்கொள்வதும், புகுந்துவிட்ட சிறிதளவு காற்றைப் பொறுமையாக வெளியேற்றுவதும்தான் கடினமானவை. கறுத்த ஆயிலில் ஒரு பம்ப் பல ஆண்டுகள் தாக்குப்பிடிக்கலாம்; நுரையில் ஓடினால் வெகுவிரைவில் பழுதாகிவிடும். கீழே சொல்லப்படும் படிகள் எல்லாம் இந்த ஒரு கவலையை வைத்தே அமைந்திருக்கின்றன. ஏறக்குறைய முழு வேலையையும் என்ஜினை ஓட்டாமலேயே செய்யச் சொல்வதும் அதற்காகத்தான்.

## ஆயில் எங்கே போகிறது, என்ன செய்கிறது

ஹைட்ராலிக் பவர் ஸ்டீயரிங்கில் என்ஜினின் பெல்ட் ஒரு சிறிய பம்பைச் சுழற்றுகிறது. அந்தப் பம்ப், டப்பாவிலிருந்து ஆயிலை இழுத்து, பிரஷர் ஹோஸ் வழியாக, முன்சக்கரங்களை இடமும் வலமுமாகத் தள்ளும் ஸ்டீயரிங் ரேக்குக்கு, அல்லது இன்னும் பழைய அமைப்புகளில் ஸ்டீயரிங் பாக்ஸுக்கு, அழுத்தத்துடன் அனுப்புகிறது. ஓட்டுநர் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது உள்ளே இருக்கும் மெல்லிய தண்டு ஒன்று சற்றே முறுகுகிறது. அந்த முறுக்கு ஒரு வால்வைத் திறந்து, ஆயிலைப் பிஸ்டனின் ஒரு பக்கத்துக்குத் திருப்பிவிடுகிறது. பிஸ்டன் நகர்ந்து சக்கரங்களைத் தள்ள, மறுபக்கத்தில் இருந்த ஆயில் ரிட்டர்ன் ஹோஸ் வழியாக டப்பாவுக்கே திரும்பிவிடுகிறது. பிரான்சிஸ் டேவிஸ் என்ற பொறியாளர் 1926இல் பியர்ஸ்-ஆரோ கார் ஒன்றில் பொருத்திக் காட்டிய ஹைட்ராலிக் ஸ்டீயரிங், 1951இல் கிறைஸ்லர் இம்பீரியல் காரில்தான் விற்பனைக்கு வந்தது. அன்று முதல் இந்தச் சுற்றின் அடிப்படை பெரிதாக மாறவில்லை. அதனால்தான் ஒரே வழிகாட்டி பெரும்பாலான பழைய கார்களுக்குப் பொருந்துகிறது.

டயருக்குள் நாம் அடிக்கும் காற்றின் அழுத்தம் 2 பாரைச் சற்றே தாண்டும். ஸ்டீயரிங்கை ஒரு பக்கக் கோடிவரை திருப்பி அங்கேயே அழுத்திப் பிடித்தால், பம்பிலிருந்து வரும் ஆயிலின் அழுத்தம் பல கார்களில் 70 முதல் 100 பார் வரை ஏறுகிறது. அந்த நிலையில் பிஸ்டனால் மேலும் நகர முடியாது. பம்பின் பாதுகாப்பு வால்வு திறந்து, ஆயில் பம்புக்குள்ளேயே சுழன்று, சில நொடிகளில் கடுமையாகச் சூடேறுகிறது. இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டால், பின்னால் வரும் எச்சரிக்கைகளில் பாதி தாமாகவே புரிந்துவிடும்.

விசையைக் கடத்துவது, பம்பின் உள்ளுறுப்புகளைத் தேயாமல் காப்பது, சூட்டைச் சுமந்துகொண்டு போய் வெளியே விடுவது ஆகிய மூன்று வேலைகளையும் இந்த ஒரு லிட்டர் ஆயிலே செய்கிறது. சூட்டில் அது ஆண்டுதோறும் கெடுகிறது. ஹோஸ்களின் உட்புற ரப்பர் கரைந்து அதில் கலக்கிறது. பம்பிலிருந்து தேயும் நுண்ணிய உலோகத் துகளும் சேர்கிறது. என்ஜினுக்கு இருப்பதைப் போன்ற கழற்றி மாற்றும் ஃபில்டர் பெரும்பாலான கார்களில் இந்தச் சுற்றுக்குக் கிடையாது. டப்பாவின் அடியில் ஒரு சிறிய வலை இருந்தால் அதுவே அதிகம்.

## தொடங்கும் முன் உறுதிசெய்ய வேண்டியது

முதலில் உங்கள் காரில் இருப்பது ஹைட்ராலிக் அமைப்புதானா என்று பாருங்கள். முழுக்க மின்மோட்டாரால் இயங்கும் ஸ்டீயரிங்கில் ஆயிலே கிடையாது. பானட்டுக்குள் ஸ்டீயரிங் டப்பா எதுவும் தென்படாது. இன்னொரு வகையில் ஆயில் உண்டு, ஆனால் பம்பை பெல்ட்டுக்குப் பதிலாக ஒரு மின்மோட்டார் சுழற்றும். அத்தகைய காருக்கு அதன் சர்வீஸ் கையேட்டில் உள்ள முறையை மட்டுமே பின்பற்ற வேண்டும். ஸ்டீயரிங், சஸ்பென்ஷன், பிரேக் மூன்றுக்கும் ஒரே ஆயில் ஓடும் பழைய சித்ரோயன் மாடல்களும் இந்த வழிகாட்டிக்கு வெளியே நிற்பவை.

ஸ்டீயரிங் கனமாக இருக்கிறது என்பதற்காக மட்டும் இந்த வேலையைத் தொடங்குகிறீர்கள் என்றால், அதற்கு முன் முன்டயர்களில் காற்றையும், ஸ்டீயரிங் தண்டின் இணைப்புகளையும், பால் ஜாயின்ட்டுகளையும் சோதித்துவிடுவது நல்லது. காற்றுக் குறைந்த டயர் தரும் கனத்தை எந்த ஆயிலாலும் போக்க முடியாது.

சத்தத்தையும் பிரித்துக் கேட்கப் பழக வேண்டும். ஸ்டீயரிங்கைக் கோடிவரை திருப்பும்போது கிறீச்சென்று எழும் கூர்மையான சத்தம் பெரும்பாலும் தளர்ந்த அல்லது பளபளத்துப்போன பெல்ட்டினுடையது. திருப்பத் திருப்பக் கூடிக் குறையும் தாழ்ந்த முனகல்தான் பம்பினுடையது. ஆயில் குறைந்திருப்பதையோ அதில் காற்று கலந்திருப்பதையோ அது காட்டுகிறது.

## எந்த ஆயில்

தவறினால் ஈடுசெய்ய முடியாத முடிவு இது ஒன்றுதான் என்பதால் இதில் அவசரம் கூடாது. பெரும்பாலான கார்களில் டப்பாவின் மூடியிலேயே ஆயிலின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். மூடியில் இல்லாவிட்டால் காருடன் வந்த கையேட்டில் இருக்கும். அங்கே என்ன எழுதியிருக்கிறதோ அதுவே இறுதியானது. எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று அட்டையில் அச்சிட்டிருக்கும் ஆயிலை நான் பழைய காரில் ஊற்றுவதில்லை. ஆயில் கசியாமல் அடைக்கும் எல்லா வகை ரப்பர் சீல்களுக்கும் ஒரே ஆயில் சமமாக ஒத்துப்போகும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பழைய கார்களில் பரவலாகக் காணப்படும் வகைகள் சில உள்ளன. பல ஜப்பானிய, அமெரிக்கக் கார்கள் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸில் ஊற்றும் சிவப்பு நிற ஏடிஎஃப் ஆயிலையே ஸ்டீயரிங்குக்கும் கேட்கின்றன. அவற்றின் மூடியில், ஜெனரல் மோட்டார்ஸ் வகுத்த ஏடிஎஃப் தரங்களான டெக்ஸ்ரான் 2 அல்லது டெக்ஸ்ரான் 3 என்று இருக்கும். டெக்ஸ்ரான் 3க்கு ஜெனரல் மோட்டார்ஸ் உரிமம் வழங்குவதை 2006ஆம் ஆண்டின் இறுதியோடு நிறுத்திவிட்டது. ஆகவே இன்று அந்தப் பெயரைச் சொல்லி விற்கப்படுபவை எல்லாம் அதற்கு இணையானவை என்று தயாரிப்பாளர்கள் தாமே சொல்பவை. பெயர்பெற்ற தயாரிப்பாளருடையதாகப் பார்த்து வாங்குவது நல்லது. அதன் பிறகு வந்த டெக்ஸ்ரான் 6 சற்று மெல்லியது. தேய்ந்த பழைய பம்புக்கு, கையேடு அனுமதிக்கும் வரை, டெக்ஸ்ரான் 3க்கு இணையான ஆயிலையே நான் தேர்ந்தெடுப்பேன்.

ஹோண்டா தன் கார்களுக்கெனத் தனி ஸ்டீயரிங் ஆயிலைக் குறிப்பிடுகிறது. அதில் ஏடிஎஃப் ஊற்றக் கூடாது. பல ஐரோப்பியக் கார்கள் சிஎச்எஃப் 11எஸ் போன்ற பச்சை நிறச் செயற்கை ஆயிலைக் கேட்கின்றன. ஒரே நிறுவனம் ஒரு மாடலில் ஏடிஎஃப்பும் இன்னொரு மாடலில் சிஎச்எஃப்பும் பயன்படுத்தியதுண்டு என்பதால் நிறுவனத்தின் பெயரை மட்டும் வைத்து முடிவுசெய்ய முடியாது. இந்த வகைகளை ஒன்றோடொன்று கலப்பதும் தவறு. நிறத்தை நம்பியும் முடிவெடுக்கக் கூடாது. நிறம் சாயத்தால் வருவது, மேலும் காருக்கு முன்பு சொந்தக்காரராக இருந்தவர் எதை ஊற்றினார் என்பது யாருக்கும் தெரியாது.

பிரேக் ஆயில் ஒரு துளிகூட இதில் சேரக் கூடாது. கிளைக்கால் சேர்மத்தால் ஆன அந்த ஆயில் ஸ்டீயரிங் அமைப்பின் ரப்பர் சீல்களை ஊதச் செய்து கெடுத்துவிடும். இரண்டு டப்பாக்களும் பானட்டுக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் இந்தத் தவறு நினைப்பதைவிட எளிதாக நேர்கிறது. தவறி ஊற்றிவிட்டால் என்ஜினை இயக்காமல், டப்பாவை அப்படியே கழற்றிக் காலி செய்து சுத்தப்படுத்துவதுதான் வழி.

அளவைப் பொறுத்தவரை, முழுச் சுற்றிலும் சேர்த்துப் பெரும்பாலான கார்களில் 1 லிட்டர் அளவுக்கு ஆயில் இருக்கும். கழுவி வெளியேற்றுவதற்கும் சேர்த்து 2 லிட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். பாதி வேலையில் ஆயில் தீர்ந்துபோனால் காற்றுப் புக வழி திறந்துவிடும்.

## பழைய ஆயில் சொல்லும் செய்தி

எதையும் கழற்றுவதற்கு முன் டப்பாவிலிருந்து சில துளிகளை எடுத்து வெள்ளைத் தாளில் விட்டு, வெயிலில் பிடித்துப் பாருங்கள். சிவப்பாக இருந்தது பழுப்பாக மாறியிருந்தால் அது வயதின் இயல்பு. மையைப் போலக் கறுத்து, கருகிய வாடை வீசினால் ஆயில் பலமுறை அளவுக்கு மீறிச் சூடாகியிருக்கிறது. ஹோஸ்களின் உட்புறமும் கரைந்துகொண்டிருக்கலாம். பால் கலந்ததைப் போல வெளுத்திருந்தால் காற்றோ நீரோ கலந்திருக்கிறது. ஓர் இரவு வண்டியை அப்படியே நிறுத்திவைத்த பிறகும் வெண்மை தெளியாவிட்டால் அது நீராக இருக்கவே வாய்ப்பு அதிகம். தாளில் மினுமினுக்கும் துகள்கள் தெரிந்தால் பம்ப் உள்ளே தேய்ந்துகொண்டிருக்கிறது. புதிய ஆயில் அந்தத் தேய்மானத்தை மெதுவாக்கலாமே தவிர, தேய்ந்ததைத் திருப்பித் தராது.

இந்தக் கட்டத்திலேயே கசிவுகளையும் தேடிவிடுங்கள். பம்பின் தண்டு வெளிவரும் இடத்தில் ஈரம், பிரஷர் ஹோஸின் உலோக முனையில் வியர்வை போன்ற படிவு, ரேக்கின் இரு முனைகளிலும் மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பர் உறைக்குள் தேங்கிய ஆயில் ஆகிய மூன்றும் முக்கியமானவை. ரப்பர் உறையை மெல்ல அழுத்திப் பார்த்தாலே உள்ளே ஆயில் தளும்புவது தெரியும். அப்படித் தளும்பினால் ரேக்கின் சீல் போய்விட்டது என்று பொருள், அதை முதலில் சரிசெய்ய வேண்டும். என்ஜின் ஓடும்போது பிரஷர் ஹோஸின் கசிவைக் கையால் தடவித் தேடுவது மிகவும் ஆபத்தானது. ஊசிமுனைத் துளையிலிருந்து பீறிடும் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

கசிவை அடைக்கும் என்று விற்கப்படும் திரவங்களைப் பற்றிப் பலரும் கேட்பதுண்டு. அவை சீல்களைச் செயற்கையாக ஊதச் செய்து சில காலம் கசிவை நிறுத்துகின்றன. அப்படி ஊதிய சீல் மென்மையாகிப் பின்பு மொத்தமாகப் போய்விடக்கூடும். காரை வைத்துக்கொள்ள நினைப்பவர் அவற்றைத் தொடாமல் இருப்பதே நல்லது.

## தேவையானவை

உறுதியான ஜாக்கி, இரண்டு ஸ்டாண்டுகள், பின்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை, பெரிய சிரிஞ்ச் ஒன்று, அதன் முனையில் மாட்ட ஒரு மெல்லிய குழாய், கிளாம்பைப் பிடிக்கும் குறடு, புனல், அளவு குறித்த தெளிவான பாட்டில்கள் இரண்டு, ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் நீளமுள்ள, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய், அதை ஹோஸுடன் பொருத்தும் இணைப்பான், டப்பாவின் முனையை அடைக்க ஒரு ரப்பர் மூடி, புதிய கிளாம்புகள், நிறையப் பழைய துணி. இவற்றோடு, சொன்னதைப் பொறுமையாகச் செய்யும் ஒரு துணையாளும் வேண்டும். ரிட்டர்ன் ஹோஸின் உள்விட்டம் பல கார்களில் 9 அல்லது 10 மில்லிமீட்டர். வாங்குவதற்கு முன் அளந்து பார்த்துவிடுங்கள்.

## எளிய முறை: உறிஞ்சி மாற்றுவது

ஹோஸ் எதையும் கழற்றாமல், டப்பாவில் இருக்கும் ஆயிலைச் சிரிஞ்ச்சால் உறிஞ்சி எடுத்து, அந்த இடத்தில் புதியதை ஊற்றி, சில நாட்கள் ஓட்டிவிட்டு மீண்டும் அதையே செய்வது இந்த முறை. சுற்றுக்குள் ஆயில் எப்போதும் நிறைந்தே இருப்பதால் காற்றுப் புக வாய்ப்பே இல்லை என்பதுதான் இதன் பெரிய நன்மை. உறிஞ்சும்போது டப்பாவை மட்டும் காலி செய்தால் போதும். மீண்டும் குறிவரை நிரப்பும் வரை என்ஜினை இயக்கவும் கூடாது, ஸ்டீயரிங்கைத் திருப்பவும் கூடாது.

எத்தனை முறை செய்ய வேண்டும் என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மொத்தம் 1 லிட்டரில் டப்பாவுக்குள் 300 மில்லி இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் முறை மாற்றியதும் பழைய ஆயில் 70 சதவீதம் மிஞ்சும். இரண்டாம் முறைக்குப் பின் 49, மூன்றாம் முறைக்குப் பின் 34, நான்காம் முறைக்குப் பின் 24, ஐந்தாம் முறைக்குப் பின் 17 சதவீதம் மிஞ்சும். ஐந்து முறைக்கு ஒன்றரை லிட்டர் செலவாகிறது. அதற்கு மேல் செய்தால் கிடைக்கும் பயன் முறைக்கு முறை சுருங்கிக்கொண்டே போகும்.

பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் யாரும் தொடாத அமைப்பு, மையாகக் கறுத்த ஆயில், தொட்டால் உடையும் நிலையில் இருக்கும் ஹோஸ்கள் என்றிருந்தால் நான் இந்த முறையையே பரிந்துரைப்பேன். ஆனால் முன்பு தவறான ஆயில் ஊற்றப்பட்டிருந்தாலோ, ஆயிலில் நீர் கலந்திருந்தாலோ இது போதாது. அப்போது முழுவதையும் வெளியேற்றியே ஆக வேண்டும்.

## முழு முறை: ரிட்டர்ன் ஹோஸ் வழியாக வெளியேற்றுவது

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, கைபிரேக்கைப் போட்டு, பின்சக்கரங்களுக்கு முட்டுக்கட்டை வைத்து, முன்பகுதியை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டுகளின் மேல் இறக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்குக் கீழே கையை நீட்டக் கூடாது. சக்கரங்கள் தரையில் இருக்கும்போது என்ஜின் உதவியில்லாமல் ஸ்டீயரிங்கைத் திருப்புவது கடினம் என்பதோடு, ஸ்டீயரிங் இணைப்புகளுக்கும் அது சுமையாகிறது. தூக்கிய நிலையில் இரண்டு விரலால் திருப்ப முடியும். சாவியைப் போட்டு, ஸ்டீயரிங் பூட்டு விடுபடும் நிலையில் வைத்துக்கொள்ளுங்கள். என்ஜினை இயக்க வேண்டாம்.

டப்பாவையும் அதன் மூடியைச் சுற்றியுள்ள இடத்தையும் துணியால் நன்றாகத் துடைத்த பிறகே மூடியைத் திறக்க வேண்டும். உள்ளே விழும் ஒரு மணல்துகள் பம்பின் வழவழப்பான பரப்பில் கோடு போட்டுவிடும். பிறகு சிரிஞ்ச்சால் டப்பாவில் உள்ளதை உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

அடுத்து ரிட்டர்ன் ஹோஸை அடையாளம் காண வேண்டும். டப்பாவின் அடியிலிருந்து பம்புக்குப் போகும் தடித்த ஹோஸ் ஆயிலை இழுப்பதற்கானது. அதைத் தொட வேண்டாம். அதைவிடச் சற்று மெல்லியதாக, ரேக் பக்கத்திலிருந்தோ குளிரூட்டும் உலோகக் குழாயிலிருந்தோ வந்து, சாதாரணக் கிளாம்பால் பிடிக்கப்பட்டிருப்பது ரிட்டர்ன் ஹோஸ். உலோக முனைகள் நெரித்துப் பொருத்தப்பட்டு, திருகாணியால் இணைக்கப்பட்டிருப்பது பிரஷர் ஹோஸ்; அதற்கும் இந்த வேலையில் இடமில்லை. சில கார்களில் டப்பா பம்பின் மேலேயே அமர்ந்திருக்கும். அங்கே வெளியே தெரியும் மெல்லிய ஹோஸ் ஒன்றே ஒன்றுதான் இருக்கும்.

பழைய கார்களில் மிகுந்த நிதானம் வேண்டிய இடம் இதுதான். ஹோஸ் முனையில் ஆண்டுக்கணக்கில் ஒட்டிப்போயிருக்கும். டப்பாவின் பிளாஸ்டிக் முனையோ சூட்டில் வெந்து, முறுக்கென்று முறிந்துவிடும் நிலையில் இருக்கும். ஸ்க்ரூடிரைவரை நுழைத்து நெம்பாதீர்கள். கிளாம்பைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு, ஹோஸைக் கையால் பிடித்து, இழுப்பதற்கு முன் இடமும் வலமுமாகச் சிறிது சிறிதாகத் திருகினால் ஒட்டு விடும். விட்ட பிறகு இழுத்தால் தானாக வந்துவிடும். அப்படியும் அசையாவிட்டால், ஹோஸின் நுனியைக் கத்தியால் நீளவாக்கில் கீறி எடுத்து, பிறகு அந்த நுனியை வெட்டிவிடுங்கள். அரை அங்குல ஹோஸைவிட முழு டப்பா விலை உயர்ந்தது.

ஹோஸ் கழன்றதும் டப்பாவில் திறந்து நிற்கும் முனையை ரப்பர் மூடியால் இறுக அடைத்துவிட்டு, ஹோஸின் நுனியில் பிளாஸ்டிக் குழாயை இணைத்து, அதன் மறுமுனையைக் கீழே இருக்கும் பாட்டிலில் விடுங்கள். பாட்டில் சரிந்துவிடாதபடி கட்டிவைப்பது நல்லது. பின்பு டப்பாவில் மேல் குறிவரை புதிய ஆயிலை ஊற்றுங்கள்.

இனி இருவர் சேர்ந்து செய்யும் பகுதி. துணையாள் இருக்கையில் அமர்ந்து, ஸ்டீயரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை மெதுவாகத் திருப்ப வேண்டும். ஒரு பக்கம் போய்ச் சேரப் பத்து நொடியாவது ஆகட்டும். பிஸ்டன் நகர நகரப் பழைய ஆயில் ரிட்டர்ன் ஹோஸ் வழியாக விட்டுவிட்டு வெளியேறும். டப்பாவில் அளவு இறங்கும். டப்பாவிலிருந்து கண்ணை எடுக்காமல், பாதிக்குக் கீழே இறங்குவதற்கு முன்பே ஊற்றிக்கொண்டே இருப்பது உங்கள் வேலை. ஊற்றப் பிந்தினால் நிறுத்தச் சொல்லிவிட்டு ஊற்றுங்கள்; அவசரப்பட ஒரு காரணமும் இல்லை. பிளாஸ்டிக் குழாயில் வரும் ஆயிலின் நிறம், ஊற்றும் ஆயிலின் நிறத்துக்கு ஈடாகத் தெளியும் வரை தொடருங்கள். பெரும்பாலும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டருக்குள் தெளிந்துவிடும். வெளியேறியதும் ஊற்றியதும் ஏறக்குறைய ஒத்துப்போகின்றனவா என்று பாட்டிலின் அளவுக் குறிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ஜினைச் சில நொடிகள் ஓட்டினால் வேலை விரைவாக முடியும் என்று சிலர் சொல்வார்கள். அதுவும் வழக்கத்தில் இருக்கும் முறைதான். ஆனால் என்ஜின் மிதமாக ஓடும்போதே அந்தப் பம்ப் நிமிடத்துக்குப் பல லிட்டர் ஆயிலைத் தள்ளக்கூடியது. டப்பாவில் இருப்பதோ அரை லிட்டருக்கும் குறைவு. முதன்முதலில் இந்த வேலையைச் செய்தபோது நானும் அப்படித்தான் செய்தேன். பாட்டிலைச் சாய்ப்பதற்குள் டப்பா வறண்டு, பம்ப் காற்றை இழுத்து அலறத் தொடங்கிவிட்டது. அந்தக் காற்றை முழுவதும் வெளியேற்ற இரண்டு நாட்கள் பிடித்தன. அதன் பிறகு கையால் திருப்பும் முறையைத் தவிர வேறெதையும் நான் பின்பற்றியதில்லை.

நிறம் தெளிந்ததும் பிளாஸ்டிக் குழாயைக் கழற்றி, ரப்பர் மூடியை எடுத்துவிட்டு, ரிட்டர்ன் ஹோஸை அதன் முனையில் முழுவதும் ஏறும்படி மாட்டி, புதிய கிளாம்பை இறுக்குங்கள். டப்பாவின் அடிவலை அழுக்கால் அடைபட்டிருந்தால் ஹோஸை மாட்டுவதற்கு முன்பே டப்பாவைக் கழற்றிக் கழுவி உலர்த்துவது, அல்லது புதிய டப்பாவே மாற்றிவிடுவது நல்லது. அடைபட்ட வலை ஆயிலை இழுக்க விடாமல் தடுத்து, காற்றுப் புகுந்ததைப் போன்ற அதே முனகலை உண்டாக்கும். சில பழைய மெர்சிடிஸ் மாடல்களில் டப்பாவுக்குள் மாற்றக்கூடிய காகித ஃபில்டர் உண்டு. இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

## காற்றை வெளியேற்றுவது

வேலை முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கும் இந்த இடத்திலிருந்துதான் பொறுமை தேவைப்படுகிறது. முன்சக்கரங்கள் இன்னும் தூக்கியபடியே இருக்கட்டும். என்ஜினையும் இயக்க வேண்டாம். குளிர்நிலைக்கான மேல் குறிவரை ஆயிலை நிரப்பி, டப்பாவின் மூடியைத் திறந்தே வைத்துக்கொண்டு, ஸ்டீயரிங்கை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை மெதுவாக இருபது முறையாவது திருப்பச் சொல்லுங்கள். ரேக்கின் மூலைகளில் தங்கியிருக்கும் காற்று சிறு குமிழிகளாக டப்பாவில் வந்து வெடிக்கும். அளவு குறையக் குறைய ஊற்றுங்கள். குமிழி வருவது நின்றதும் கால் மணி நேரம் அப்படியே விட்டுவிட்டு மீண்டும் பத்து முறை திருப்புங்கள். இரண்டாம் சுற்றிலும் குமிழிகள் வருவதைப் பார்க்கும்போது காத்திருந்தது வீணல்ல என்பது தெரியும். மெதுவாகத் திருப்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு: வேகமாகத் திருப்பினால் பெரிய குமிழிகள் நொறுங்கி, ஆயிலோடு கலந்து நுரையாகிவிடும், நுரையிலிருந்து காற்றுப் பிரிய மணிக்கணக்காகும்.

கையால் இயக்கும் வாக்குவம் பம்ப் உங்களிடம் இருந்தால், டப்பாவின் வாயில் பொருந்தும் ரப்பர் அடைப்பான் வழியாக அதை இணைத்து, பாதரச அளவில் 20 அங்குலம் வரை வாக்குவம் ஏற்றிச் சில நிமிடங்கள் வைத்திருக்கலாம். கரைந்தும் கலந்தும் நிற்கும் காற்று அப்போது விரிந்து மேலே வந்துவிடும். பிடிவாதமான அமைப்புகளில் இது நல்ல பலன் தரும். ஆனால் பெரும்பாலான கார்களுக்கு இது இல்லாமலேயே வேலை முடிந்துவிடும்.

அடுத்து என்ஜினை இரண்டு மூன்று நொடிகள் மட்டும் ஓட்டி உடனே நிறுத்திவிட்டு அளவைப் பாருங்கள், குறைந்திருந்தால் ஊற்றுங்கள். அளவு குறையாமல் நிற்கும் வரை இதைத் திரும்பச் செய்யுங்கள். அதன் பிறகு என்ஜினை மிதமாக ஓடவிட்டு, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் சில முறை திருப்புங்கள். கோடியைத் தொட்டதும் திரும்பிவிட வேண்டும். அங்கே ஐந்து நொடிக்கு மேல் பிடித்துவைக்கக் கூடாது. இந்த நேரத்தில் தளர்ந்த ஆடையும் கையும் பெல்ட்டின் பக்கமும் ஃபேனின் பக்கமும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காற்று முழுவதும் போய்விட்டதா என்பதை அறிய ஒரு நம்பகமான சோதனை உண்டு. வண்டியைத் தரையில் இறக்கி, ஆயில் நன்றாகச் சூடான பிறகு, என்ஜின் ஓடும்போது டப்பாவில் ஆயில் நிற்கும் உயரத்தைப் பாருங்கள்; என்ஜினை நிறுத்திவிட்டு மீண்டும் பாருங்கள். ஆயிலை அழுத்தினால் அது சுருங்குவதில்லை எனலாம், காற்றோ சுருங்கும். சுற்றுக்குள் காற்று இருந்தால், என்ஜின் ஓடும்போது அழுத்தத்தில் சுருங்கியிருந்த குமிழிகள் என்ஜின் நின்றதும் விரிந்து, ஆயிலை டப்பாவுக்குள் தள்ளி, மட்டத்தை உயர்த்தும். 5 மில்லிமீட்டருக்கு மேல் உயர்ந்தால் காற்று இன்னும் இருக்கிறது என்று பொருள். அதே நேரத்தில் ஆயில் தெளிவாக இருக்கிறதா, வெளுத்து நுரைத்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். நுரைத்திருந்தால் வண்டியை ஒரு மணி நேரமாவது நிறுத்திவைத்துவிட்டு, சக்கரங்களைத் தூக்கி, என்ஜினை ஓட்டாமல் செய்யும் சுற்றிலிருந்து மறுபடி தொடங்குங்கள். நுரை இருக்கும்போது வண்டியை ஓட்டிப் போய்ச் சரிசெய்துகொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். பம்புக்கு அதைவிடத் தீங்கானது எதுவும் இல்லை.

இரண்டு மூன்று முறை முயன்றும் நுரை தீரவில்லை என்றால், காற்று உள்ளே மிஞ்சியிருக்கவில்லை, வெளியிலிருந்து புதிதாக வந்துகொண்டிருக்கிறது. டப்பாவுக்கும் பம்புக்கும் இடையே ஆயிலை இழுக்கும் ஹோஸ் இருக்கிறதல்லவா, அதன் கிளாம்ப் தளர்ந்திருந்தாலோ, ஹோஸ் பம்போடு சேரும் இடத்தில் உள்ள ஓ-ரிங் இறுகிக் கல்லாகிவிட்டிருந்தாலோ, பம்ப் அந்த இடைவெளி வழியே காற்றை உறிஞ்சும். அங்கே அழுத்தம் வெளியை நோக்கி இல்லை, உள்ளே இழுப்பதாக இருக்கிறது. எனவே ஒரு சொட்டு ஆயில்கூட வெளியே கசியாது, கண்ணுக்கும் ஒன்றும் தென்படாது. பழைய கார்களில் புதுப் பம்ப் வாங்கிப் போட்ட பிறகும் முனகல் தீராமல் போவதற்கு இந்தச் சிறிய ரப்பர் வளையம் பலமுறை காரணமாக இருந்திருக்கிறது. முனகும் காரில் பம்பைக் குறைசொல்வதற்கு முன் இதை மாற்றிப் பாருங்கள். சரியான அளவும், ஆயிலைத் தாங்கும் ரப்பரும் முக்கியம்.

## வேலைக்குப் பின்

சிந்திய ஆயிலை உடனே துடைத்துவிட வேண்டும். சூடான எக்ஸாஸ்ட் குழாயின் மேல் விழுந்த ஸ்டீயரிங் ஆயில் புகைவதோடு நிற்காமல் தீப்பற்றவும் கூடும். பெல்ட்டில் பட்டால் வழுக்கும். ரப்பர் மவுன்ட்டுகளில் ஊறினால் அவை மெதுவாகக் கெடும்.

அளவைக் கடைசியாகப் பார்க்கும்போது எந்தக் குறியைப் பார்க்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். பல டப்பாக்களில் குளிர்நிலைக்கும் சூடான நிலைக்கும் தனித்தனிக் குறிகள் உண்டு. சூடான நிலை என்பது ஆயில் ஏறக்குறைய 80 டிகிரியில் இருப்பது. குளிர்ந்த ஆயிலைச் சூட்டுக் குறிவரை நிரப்பிவிட்டால், சூடானதும் அது விரிந்து மூடி வழியாக வழிந்துவிடும். அதைக் கண்டு புதிய கசிவு என்று பயப்படுகிறவர்கள் பலர்.

புதிய ஆயில் ஊற்றியதால்தான் சீல் கசியத் தொடங்கியது என்ற குற்றச்சாட்டைப் பலமுறை கேட்டிருக்கிறேன். சரியான ஆயிலை ஊற்றியிருந்தால், கசியும் சீல் முன்பே இறுகிப்போனதாகத்தான் இருக்கும். அழுக்குப் படிவு அந்தத் துளையை மறைத்துக்கொண்டிருந்திருக்கலாம். எனவே முதல் இரண்டு வாரங்களில் வண்டி நிற்கும் இடத்தில் ஓர் அட்டையை விரித்துவைத்து, ஒவ்வொரு காலையும் சொட்டு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியதும் ஒருமுறையும், ஒரு மாதம் கழித்து ஒருமுறையும் டப்பாவைத் திறந்து அளவையும் நிறத்தையும் பாருங்கள். அந்த ஒரு மாதத்துக்குள்ளேயே ஆயில் மீண்டும் மங்கினால், ரேக்கின் மூலைகளிலும் ஹோஸ்களிலும் ஒட்டியிருந்த பழையது கலந்திருக்கிறது. சிரிஞ்ச்சால் டப்பாவை மட்டும் ஒருமுறை மாற்றிவிட்டால் போதும். அதற்குப் பின் ஐம்பதாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்பது என் கணிப்பு. கையேடு அதைவிடக் குறைந்த இடைவெளியைச் சொன்னால் கையேட்டின்படியே செய்யுங்கள்.

வெளியேற்றிய பழைய ஆயிலைச் சாக்கடையிலோ மண்ணிலோ கொட்டக் கூடாது. இறுக மூடும் பாட்டிலில் அடைத்து, பழைய என்ஜின் ஆயிலைச் சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள். பாட்டிலின் மேல் அது என்ன ஆயில் என்றும், டப்பாவின் மூடியில் ஒரு சிறு சீட்டில் இன்று ஊற்றிய ஆயிலின் பெயர், தேதி, ஓடிய கிலோமீட்டர் மூன்றையும் எழுதி ஒட்டிவிடுங்கள்; அடுத்து அந்த மூடியைத் திறப்பவர் நீங்களாகவே இருந்தாலும், எதை ஊற்றினோம் என்று யோசிக்க வேண்டியிருக்காது.